எப்காட் பூங்காவிலுள்ள ‘மொசியே பால்’ பிரெஞ்சு உணவகம்: கல்யாணச் சமையற்காரரான அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கோவிலூர்மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் என் பெற்றோர் காரைக்குடியிலிருந்து அட்லாண்டாவுக்கு எங்களிடம் வருகிறார்கள். பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டி எல்லோருமாக ஆர்லாண்டோ சென்று, டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஒரு முழு நாளைக் கழிக்க எண்ணியிருக்கிறோம். அங்கே பிரான்சு மண்டபத்தின் மாடியில் இருக்கும் ‘மொசியே பால்’ உணவகத்தில் அப்பாவுக்கு ஒரு வேளை உணவு வாங்கித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல்யாணச் சமையலை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். ஆயிரம் இலை விழும் பந்திகளை நடத்தியிருக்கிறார். ஆனால் அவர் உட்கார்ந்து, பிறர் பரிமாற, நிதானமாகச் சாப்பிட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கடைசிப் பந்தி எழுந்த பிறகு, கோட்டை அடுப்பின் ஓரத்தில் நின்றபடியே ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் மிஞ்சிய குழம்பும் போட்டுக்கொள்வார். உலகம் கொண்டாடிய பால் பொக்கூஸ் என்ற பிரெஞ்சுச் சமையற்காரரின் பெயரைத் தாங்கிய இடத்தில் அவரை உட்கார வைக்க வேண்டும்.

என் தயக்கங்கள் இவை. பூங்காவுக்குள் இருக்கும் உணவகம் என்பதால் உணவு வெறும் தோற்றத்துக்காக இருக்குமோ என்று கணவர் ஐயப்படுகிறார். அம்மா சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அப்பா மீனும் கோழியும் ஆடும் சாப்பிடுவார், மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார். அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகளுக்கு வயது ஆறும் ஒன்பதும். சென்று வந்தவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆர்லாண்டோவாசி

சகோதரி, இந்த ஊரில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெறும் தோற்றத்துக்கான உணவகமா என்ற ஐயத்துக்கு அதன் வரலாறே விடை சொல்லும். எப்காட் 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, பிரான்சு மண்டபத்தின் உணவகத்தை நடத்த முன்வந்தவர்கள் பால் பொக்கூஸ், ரொழே வெர்ழே, கஸ்தோன் லெநோத்ர் என்ற மூவர். பொக்கூஸ் பிரான்சின் லியோன் நகருக்கு அருகிலுள்ள கொலோன்ழ் என்ற சிற்றூரில், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லன் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களை 1965 முதலே வைத்திருந்தவர். லெநோத்ர் இனிப்புப் பண்டங்களில் பிரான்சின் முதல்வரிசைக் கலைஞர். கீழ்த்தளத்தில் அவர்கள் தொடங்கிய ‘லே ஷெஃப் த பிரான்ஸ்’ இன்றும் நடக்கிறது. அதன் மாடியில் 1984 முதல் இருந்த ‘பிஸ்த்ரோ த பாரி’ 2012-இல் மூடப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் ‘மொசியே பால்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. பொக்கூஸின் மகன் ழெரோம், தந்தையை மதித்து வைத்த பெயர் அது. தந்தைக்காக மகன் வைத்த உணவகத்துக்குத் தந்தையை மகள் அழைத்து வருகிறீர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டும்: ஏரியைச் சுற்றி நாடுகளின் மண்டபங்கள் அமைந்த பாதை ஏறத்தாழ 1.2 மைல் நீளமுடையது, பிரான்சு மண்டபமோ முதன்மை வாயிலிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. ஆனால் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையில் ‘இன்டர்நேஷனல் கேட்வே’ என்ற இன்னொரு வாயில் உண்டு. ஸ்கைலைனர் என்ற கம்பிவட ஊர்தி அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த ஊர்தி நிற்கும் விடுதிகளில் ஒன்றில் தங்கினால், இறங்கியதும் சில நிமிட நடையில் உணவகத்தை அடைந்துவிடலாம். உணவகத்தின் வாசல் பெரிய பாதையைப் பார்த்து இராது, கட்டடத்தின் பின்பக்கச் சந்துக்குள் இருக்கும். தெரியாதவர்கள் முன்பக்கத்தில் தேடிக் களைத்துப்போவார்கள். மாடிக்குப் படிக்கட்டும் உண்டு, மின்தூக்கியும் உண்டு.

முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கும். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் வந்து சேரும் நாளிலிருந்து 60 நாள்கள் முன்பே, தங்கும் நாள்களில் பத்து நாள் வரைக்குமான பதிவையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். பல வகைகள் வரிசையாக வரும் முழு விருந்தாகவே அங்கே உணவு அமைகிறது. ஒருவருக்கு 100 டாலரைத் தாண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இங்குள்ள விற்பனை வரி 6.5 விழுக்காடு, பரிமாறுகிறவர்களுக்கு 18 முதல் 20 விழுக்காடு. ஆகவே பட்டியலில் 100 என்று இருப்பது கையை விட்டுப் போகும்போது 125-ஐ ஒட்டி நிற்கும். பூங்காவின் நுழைவுச்சீட்டு இதில் சேராது. சாப்பிட மட்டும் வந்தாலும் அது கட்டாயம் வேண்டும்.

நவம்பரின் முன்பாதியில் பூங்காவின் உணவு விழா நடந்துகொண்டிருக்கும். அந்த நாள்களில் வெள்ளி, சனி மாலைகளில் ஏரிப் பாதையில் தோளோடு தோள் இடிக்கும். செவ்வாய், புதன் போன்ற வேலைநாளைத் தேர்ந்தெடுத்தால் அப்பாவுக்கு நடை எளிது.

ரொட்டிஅடுப்பு

அம்மா, நான் புதுச்சேரியில் பிறந்து, லியோன் நகரின் உணவகங்களில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். உங்கள் அப்பா தொழில் தெரிந்தவர் என்பதால், அவர் மேசையில் எதைப் பார்ப்பார் என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பொக்கூஸின் பெயரோடு என்றும் சேர்ந்து நிற்பது ஒரு சூப். 1975 பிப்ரவரி 25 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் வலேரி ழிஸ்கார் தெஸ்தேன் அவருக்கு லெழியோன் தொனர் என்ற உயரிய நாட்டு விருதை அளித்தபோது, தலைவரின் இல்லமான எலிசே மாளிகை விருந்துக்காக அவர் உருவாக்கியது அது. தலைவரின் பெயரின் முதலெழுத்துகளான ‘வி.ஜி.இ.’ என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. தெளிந்த இறைச்சிச் சாற்றில் பொடியாக நறுக்கிய கேரட், வெங்காயம், செலரி, காளான் ஆகியவற்றோடு, ட்ரஃபிள் எனப்படும் நிலத்தடிக் கறுப்புக் காளானையும் சீவிப் போட்டு, கிண்ணத்தின் வாயை மாவால் மூடி, அப்படியே அடுப்பில் வைப்பார்கள். அந்த மாவு வேறொன்றுமில்லை. நம் ஊர் பேக்கரிகளில் முட்டை பப்ஸுக்குப் போடுகிறோமே, அதே அடுக்கடுக்கான வெண்ணெய் மாவுதான். உள்ளே சாறு கொதிக்கக் கொதிக்க, ஆவி மாவை மேலே தள்ளும். கிண்ணத்தின் மேல் பொன்னிறக் கோபுரம் எழும். மேசைக்கு வரும்போது வாசனை ஏதும் இராது. கரண்டியின் விளிம்பால் மேலோட்டைத் தட்டி உடைத்தவுடன்தான் மண்ணும் மழையும் கலந்தாற்போன்ற மணம் குப்பென்று முகத்தில் அடிக்கும். உடைந்த ஓட்டுத் துண்டுகள் சாற்றில் விழுந்து ஊறுவதும் அந்த உணவின் ஒரு பகுதியே. தம் போட்ட அண்டாவின் மூடியைத் திறக்கும் நொடி எது என்று அறிந்த உங்கள் அப்பாவுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் இதில்தான் எச்சரிக்கையும் வேண்டும். எப்காட்டில் அந்தச் சூப்பை மாட்டு வாலெலும்புச் சாற்றில் செய்து பரிமாறியிருக்கிறார்கள். அப்பா மாட்டிறைச்சி தொடமாட்டார் என்றால் முன்பதிவின்போதே தெரிவித்து, மேசையில் அமர்ந்ததும் மறுபடி கேளுங்கள். பிரெஞ்சுச் சமையலின் அடித்தளமே எலும்புச் சாறு. நம் சமையலில் புளிக்கரைசல் எப்படியோ, அங்கே அது அப்படி. காய்கறி மட்டும் என்று பெயரிட்ட உணவின் குழம்பிலும் கோழிச் சாறு ஒளிந்திருக்கலாம். அம்மாவுக்காகக் கேட்கும்போது ‘இறைச்சி இல்லாமல்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எலும்புச் சாறு, முட்டை, ஜெலட்டின் என்ற விலங்குப் பசை, மது ஆகிய நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேளுங்கள். மாவின் மேற்பூச்சில் முட்டை இருக்கும், குளிர்ந்த இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், குழம்புகளில் ஒயின் வற்றியிருக்கும். பழைய முறைப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பைச் சுரப்பைக் கொண்டே உறைய வைக்கிறார்கள் என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. இவற்றைக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். சொல்லாமல் விட்டுவிட்டு, தட்டு திரும்பி வரும்போதுதான் சமையற்காரனுக்கு வலிக்கும்.

மீன் உண்பவர் என்பதால் அப்பாவுக்கு இன்னொன்றும் உண்டு. பொக்கூஸின் புகழ்பெற்ற மீன் வகையில், உருளைக்கிழங்கை நாணயம்போல் மெல்லிய வட்டங்களாக வெட்டி, மீன் துண்டின்மேல் செதில் செதிலாக அடுக்கி, மொறுமொறுவென வறுப்பார்கள். ரூழே என்ற சிறு சிவப்பு மீனில் அவர் செய்ததை, இங்கே சங்கரா மீன் இனத்தில் செய்து பரிமாறினார்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் செல்லும்போது அது இருந்தால் விட்டுவிடாதீர்கள். அந்தச் செதில்கள் ஒன்றுகூடக் கலையாமல் வாணலியில் திருப்பிப் போடுவது கைப்பழக்கத்தின் உச்சம் என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

மாலைவெயில்

எல்லோரும் உணவைப் பற்றியே பேசுவதால் நாளின் களைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். வேறொரு பூங்காவில், வேறொரு விலையுயர்ந்த உணவகத்தில் எங்களுக்கு நேர்ந்தது இது. காலை ஒன்பது முதல் வெயிலில் அலைந்துவிட்டு, வியர்வை காயாத சட்டையோடு இரவு எட்டரை மணிக்குப் போய் அமர்ந்தோம். இரண்டாவது வகை வருவதற்குள் என் மகன் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டான். மாமனார் பசி தீய்ந்துபோய் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார். குற்றம் உணவகத்தினுடையதன்று, நேரத்தைத் தப்பாகக் குறித்த எங்களுடையதே.

ஆகவே மாலை ஐந்தரை மணிக்கு மேல் தள்ளாதீர்கள். நண்பகலில் விடுதிக்குத் திரும்பி, அப்பா ஒரு மணிநேரம் கால் நீட்டிப் படுத்து, குளித்து, வேட்டியோ நல்ல சட்டையோ அணிந்து வரட்டும். இத்தகைய விருந்து இரண்டு மணிநேரமாவது நீளும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அதே மண்டபத்திலேயே 2021-இல் தொடங்கிய, ‘ராட்டட்டூய்’ கார்ட்டூன் படத்துச் சமையற்கார எலி ரெமியின் சவாரி இருக்கிறது, பக்கத்தில் ‘லா கிரெப்ரி த பாரி’யில் நம் தோசைபோல வார்க்கும் கிரெப் கிடைக்கும், பனிக்கூழ்க் கடையும் உண்டு. ஆறு பேருக்கான செலவும் மூவருக்கானதாகக் குறையும்.

கோவிலூர்மகள்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாலைவெயில் அவர்கள் சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன்; பிள்ளைகளை அவர் அழைத்துச் செல்வதாக உடனே ஒப்புக்கொண்டார். அப்பா, அம்மா, நான் மூவரும் செல்கிறோம். நவம்பர் இரண்டாம் வாரப் புதன்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு முயல்வேன். அம்மாவிடம் பாலாடைக்கட்டி பற்றிச் சொன்னபோது, எனக்குத் தயிர் இருக்கும் ஊரில் அதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டார்; ஆனாலும் அப்பா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வருவேன் என்றார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. சமையலறையில் இருப்பவர்களிடம் ஒரு சொல் பேச வேண்டும் என்று அவர் கேட்டால், கேட்பது முறைதானா?

ரொட்டிஅடுப்பு

முறைதான் அம்மா. கூட்டம் குறைந்த நேரத்தில், இனிப்பு வருவதற்கு முன்பு, பரிமாறுகிறவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அங்கே பரிமாறும் இளைஞர்களில் பலர் பிரான்சிலிருந்து பணிக்காக வந்தவர்கள். சட்டையிலுள்ள பெயர்ப்பட்டையில் அவர்களது சொந்த ஊரின் பெயரும் எழுதியிருக்கும். ‘இவர் என் தந்தை, நாற்பது ஆண்டுகள் கல்யாணங்களுக்குச் சமைத்தவர்’ என்று ஒரு வரி போதும். அடுப்பு ஓயாத நேரமாக இருந்தால் யாரும் வர இயலாமல் போகலாம், அதற்காக வருந்த வேண்டாம்.

பொக்கூஸைப் பற்றி அப்பாவிடம் முன்பே ஒன்று சொல்லி வையுங்கள். அவரும் பெரியவர்களின் அடுப்படியில் எடுபிடியாக நின்று கற்றவர்தான். மேர் பிரசியே என்று எல்லோரும் அழைத்த எழெனி பிரசியே அம்மையாரிடமும், பிரான்சின் வியென் நகரில் ஃபெர்னான் புவான் என்ற சமையற்காரரிடமும் அவர் வேலை பழகினார். பிரசியே அம்மையாரிடம் இருந்த நாள்களில் மாட்டில் பால் கறப்பதும், துணி துவைப்பதும், தோட்டத்தைப் பார்ப்பதும் அவருடைய வேலைகளாக இருந்தன. அப்பா அதைக் கேட்டால் தம் முதல் மேஸ்திரியைப் பற்றி உங்களிடம் பேசத் தொடங்குவார். சூப் வரும்வரை அந்தப் பேச்சு நடக்கட்டும்.