மூன்றாவது தூணின் இரண்டாம் துண்டு

மண் வேலை கற்றுத் தந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவம் புதுச்சேரியில் நடந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி பலருக்குத் தெரிந்திருக்கும். மீக்கர் கலிஃபோர்னியாவில் கட்டடக்கலையும் மட்பாண்டக் கலையும் படித்தவர். டெபோரா ஜப்பானில் பயின்றவர். இன்று இந்தியாவில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்போல் இறுகும் மட்பாண்டம், செய்கிறவர்களில் நிறையப் பேர் அங்கே கற்றவர்கள், அல்லது அங்கே கற்றவர்களிடம் கற்றவர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா இதில் முதல் வகை, நான் இரண்டாம் வகை.

நான் சேர்ந்தபோது பட்டறையில் நாங்கள் ஆறு பேர். கோப்பை, கிண்ணம், மூடி வைத்த ஜாடி என்று சக்கரத்தில் வரிசையாகக் கற்போம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வருடம் அக்காவுக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஒரு கட்டடத்தின் முற்றத்தில் ஐந்து தூண்கள், ஒவ்வொன்றும் ஒன்பது அடி. காலையில் எங்களுக்குச் சக்கரம், மதியத்துக்கு மேல் அவருக்குத் தூண் என்று பிரித்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தார். இரண்டே வாரத்தில் அந்தப் பிரிவு காணாமல் போய்விட்டது. சக்கரத்தை விட்டுவிட்டு நாங்களே தூணைச் சுற்றி நிற்க ஆரம்பித்தோம். அவரும் துரத்தவில்லை. "நிக்கிறதா இருந்தா கையைக் கொடுங்க" என்றார்.

முதலில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். எங்கள் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். சுட்ட பிறகு ஒன்பது அடி வேண்டுமென்றால் எவ்வளவு உயரம் கட்ட வேண்டும்? ஒன்பதோடு பன்னிரண்டு சதவீதத்தைக் கூட்டிச் சொன்னோம். தப்பு. ஒன்பதை 0.88 ஆல் வகுக்க வேண்டும், பத்தேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கரும்பலகையில் போட்டிருந்தால் அடுத்த நாளே மறந்திருப்பேன். சுவரில் பத்தேகால் அடிக்கு அக்கா இழுத்த சாக்பீஸ் கோட்டை இன்னும் மறக்கவில்லை.

சூளைக்குள் மூன்றரை அடிக்கு மேல் நிற்காது. அதனால் ஒவ்வொரு தூணும் நான்கு துண்டு. தனித்தனியாகச் செய்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதால், கயிறுபோல் உருட்டிய மண் திரிகளை அடுக்கி ஒரே தூணாகக் கட்டினார். கை வைத்தால் அமுங்காத அளவுக்கு இறுகியதும் கம்பியால் குறுக்கே அறுத்தார். உள்பக்கம் இரும்பு ஆக்சைடால் எண்: 3-2 என்றால் மூன்றாவது தூணின் இரண்டாம் துண்டு. மண்ணில் கால் பங்கு சுட்டுப் பொடித்த மண் கலந்திருந்தது. அது இருந்தால்தான் கனமான சுவர் சுருங்கும்போது வெடிப்பு விடாமல் தாங்கும்.

அப்புறம் ஐப்பசி மழை வந்துவிட்டது. காற்றே ஈரமாக இருக்கும்போது ஒரு அங்குலச் சுவர் எப்படிக் காயும்? மேல் விளிம்பு காய்ந்து அடி காயாமல் இருந்தால் நடுவில் பிளக்கும். விளிம்பில் பழைய வேட்டியை நனைத்துப் போட்டு, அடியைத் திறந்துவிட்டு, தினம் மூன்று முறை திருப்பி வைப்போம். அது என் பொறுப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது.

இப்போது நான் செய்த தப்பு. முதல் சூட்டுக்கு இரவு முறை என்னுடையது. நூறு டிகிரிக்குக் கீழேயே விடியும்வரை வைத்திருக்கச் சொல்லியிருந்தார். எல்லாம் காய்ந்துவிட்டது என்று நானாக முடிவு செய்து, இரண்டு மணிக்குத் தீயைக் கூட்டினேன். அரை மணி நேரத்தில் உள்ளே டொம்மென்று ஒரு சத்தம். 3-2.

அக்கா வந்து பார்த்தார், திட்டவில்லை. சூளை ஆறியதும் சில்லுகளைப் பொறுக்கி மேசையில் பரப்பி ஆறு பேரையும் கூப்பிட்டார். காற்றுக் குமிழி இருந்தால்தான் வெடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்று வெடிக்காது, தண்ணீர்தான் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உடைக்கும் என்றார். உட்புறத்தில் திரி சேரும் ஓர் இடத்தில், பலமாக இருக்கட்டும் என்று நானே கூடுதல் மண்ணை வைத்து அழுத்தியிருந்தேன். அங்கே சுவர் இரண்டு அங்குலம். சில்லுகள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பியிருந்தன. அவர் கொடுத்த கெடுவில் ஒரு மாதம் என்னால் போனது. அந்த மாதத்தின் முதல் நாளை அவர் எங்களுக்குப் பாடமாக்கினார். கற்றுக்கொடுப்பது என்றால் எனக்கு இன்றுவரை அந்த மேசைதான்.

இரண்டாம் சூடு சவுக்கு விறகில், 1280 டிகிரிக்கு மேல். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். தூண்களை நிறுத்தியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இரும்புக் குழாய், செயின் புல்லியில் துண்டுகளைத் தூக்கி மேலிருந்து குழாயில் கோத்து இறக்க வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ரப்பர் வளையம். வெயிலில் இரும்பு நீளும், மண் அந்த அளவு நீளாது, அதனால் எதையும் இறுக்கிப் பூட்டக் கூடாது. அங்கே எங்களுக்கு ஆசிரியர் அந்தக் கட்டடத்தின் மேஸ்திரிதான். தூக்குக்குண்டு பிடிக்க அவரிடம் அக்காவும் எங்களோடு சேர்ந்து நின்று கற்றுக்கொண்டார்.

——

சகோதரி, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் அறந்தாங்கிப் பக்கம். அம்மா வழித் தாத்தா வேளார், மண்பாண்டம் செய்கிறவர். எங்களிடம் பட்டறை, வகுப்பு எதுவும் கிடையாது. ஐயனாருக்கு மண்குதிரை எடுத்துச் சென்று வைக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு, வேலையைத் தொடங்கச் சொல்லி ஊரார் ஒரு பிடி மண் (பிடிமண்) கொடுத்துவிட்டால், தாத்தா ஐயனார் குதிரையைத் தொடங்குவார். நாங்கள் பேரன்கள் மண் மிதிப்போம். அதுதான் பள்ளிக்கூடம்.

நீங்கள் சுட்ட மண்பொடி என்கிறீர்கள், எங்களுக்கு மணலும் உமியும். உமி சூட்டில் எரிந்துபோய்ச் சிறு சிறு துளை விடும். குதிரையின் நான்கு காலையும் முதலில் குழாய்களாக நிறுத்தி, அது இறுகிய பிறகுதான் வயிறு. அவசரப்பட்டு வயிற்றை ஏற்றினால் கால் உட்கார்ந்துவிடும். ஒருமுறை சித்திரக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்களோடு வந்து பத்து நாள் தங்கினார். முதல் நாள் தாத்தாவிடம் கேள்வியாகக் கேட்டார். இரண்டாம் நாளிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு மண் மிதித்தார். அவர் மாணவர்கள் அதற்குப் பிறகுதான் மண்ணில் கை வைத்தார்கள்.

வில்லியனூர் முனுசாமி அவர்களுக்கு 2020இல் சுடுமண் வேலைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தபோது தாத்தா இல்லை. இருந்திருந்தால் செய்தித்தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்.

——

மீக்கர் பேரைப் பார்த்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். எண்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் அவர் கட்டிய வீடுகளையே சூளையாக வைத்துச் சுட்டுப் பார்த்தார். பச்சை மண் கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல், ஓடு என்று நிரப்பி, நாள் கணக்கில் எரிப்பது. உள்ளே வெந்ததை விற்றுவிடலாம், வீடும் வெந்துவிடும். பின்னால் கட்டடக்கலைஞர் அனுபமா குண்டூவோடு சேர்ந்து புதுச்சேரியில் வொலோந்தாரியா என்ற தொண்டு நிறுவனத்தின் குழந்தைகளுக்காக அதே முறையில் கட்டிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கம்பிக்குப் பதில் சைக்கிள் சக்கரங்கள். உள்ளே நின்றால் ஒரு பெரிய பானைக்குள் நிற்பது போலவே இருக்கும். சகோதரி, உங்கள் தூண்கள் இப்போதும் இருக்கின்றனவா?

——

இருக்கின்றன அண்ணா. போன தை மாதம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தூணில் கீழிருந்து இரண்டாம் துண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் பழுப்பாக இருக்கும். மறுபடி செய்து வேறு சூட்டில் போட்டது. நிறம் சேராது என்று தெரிந்தும் அக்கா அதை அப்படியே ஏற்றச் சொன்னார். அன்று ரப்பர் வளையத்தை என் கையில்தான் கொடுத்தார்.