9கே ஊடகத்தில் மஞ்சள் படிவு: பாக்டீரியாவைப் பட்டினி போடாமல் குறைப்பது எப்படி?

இரும்பை ஆக்சிஜனேற்றி அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழும் பாக்டீரியாவான அசிடிதயோபேசிலஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் வளர்ப்பவர்கள் யாராவது கைகொடுங்கள். சால்கோபைரைட் தாதுவிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்கும் சோதனைக்கான வளர்ப்பு இது.

இதற்கான வளர்ப்புக் கரைசல்தான் 9கே ஊடகம்: லிட்டருக்கு அமோனியம் சல்ஃபேட் 3 கிராம், டைபொட்டாசியம் ஃபாஸ்பேட் 0.5, மெக்னீசியம் சல்ஃபேட் 0.5, பொட்டாசியம் குளோரைடு 0.1, கால்சியம் நைட்ரேட் 0.01. ஃபெரஸ் சல்ஃபேட் 44.2 கிராம், அதைத் தனியாக 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துச் சேர்க்கிறோம் (ஆட்டோகிளேவில் வைத்தால் பாக்டீரியாவுக்கு முன்பே சூடு அதை ஆக்சிஜனேற்றிவிடும்!). தொடக்க பிஎச் 2.0, வெப்பம் 30 டிகிரி, குலுக்கி நிமிடத்துக்கு 150 சுற்று, விதை வளர்ப்பு (தொடக்கமாக ஊற்றும் பழைய வளர்ப்பு) 10 சதவீதம்.

இளம்பச்சைக் கரைசல் கட்டன் சாயா நிறத்துக்கு மாறுகிறது. அதுவரை சரி. அடுத்த நாளே குடுவைச் சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி, விரலால் தேய்த்தாலும் போகாத மஞ்சள் வளையம். பிஎச் 2.4.

காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொரு ஃபெரஸ் (Fe²⁺) இரும்பு அயனி ஆக்சிஜனேற்றமடைந்து ஃபெரிக் (Fe³⁺) ஆகும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயனி செலவாகிறது. பிஎச் ஏறியதும் ஃபெரிக், பொட்டாசியத்தோடும் அமோனியத்தோடும் சேர்ந்து ஜாரோசைட் என்ற மஞ்சள் இரும்பு சல்ஃபேட் கனிமமாகப் படிகிறது. செல்களும் அதில் சிக்கிக்கொள்வதால் நுண்ணோக்கி எண்ணிக்கையை நம்ப முடியவில்லை. தாதுவின் மேல் படிந்தால் கரைதலும் மந்தமாகும்.

பிஎச்சை 1.7க்கு இறக்கித் தொடங்கினால் வளர்ச்சி எவ்வளவு தாமதமாகும்? பொட்டாசியம் ஃபாஸ்பேட்டுக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றி, அமோனியத்தை 0.5 கிராமாகக் குறைத்தவர்கள் உண்டா? இரும்பைப் பாதியாக்குவது கடைசி வழி. செல் விளைச்சலும் பாதியாகிவிடும். ஆக்ஸாலிக் அமிலத்தில் படிவைக் கரைக்கும் யோசனை வேண்டாம், கரிம அமிலம் இவற்றுக்கு நஞ்சு.