புதுப்பிப்பு: பழைய கார்புரேட்டர் காரின் ஸ்டார்ட்டிங், ஐடிலிங் சிக்கல் தீர்ந்தது

காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல், ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) குலுங்கிக்கொண்டிருந்த என் காரைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஸ்பார்க் பிளக், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி இரண்டையும் மாற்றியும் பலனில்லை. ஆனால் கழற்றிய பிளக்குகளின் முனை வெளுத்திருந்தது. "கார்புரேட்டர் தரும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு, எங்கோ காற்று கசிகிறது" என்று ஒருவர் சொன்னதே சரி. எஞ்சினை ஓடவிட்டு, கலவை உள்ளே செல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது சிறிதாகத் தெளித்தேன். பிரேக் பூஸ்டர் (எஞ்சினின் உறிஞ்சுவிசையால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) குழாயின் முனையில் பட்டதும் எஞ்சின் வேகம் சட்டென உயர்ந்தது. கிளீனர் உள்ளே இழுக்கப்பட்டு எரிகிறது, அதாவது கசிவு அங்கேதான். (ஸ்டார்ட் செய்ததும், எஞ்சின் சூடாகும் முன்பே செய்யுங்கள், சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும்.) மேலே பார்க்க நல்ல குழாய்தான். விரலால் வளைத்தபோதுதான் அடிப்பக்க விரிசல் வாய் பிளந்தது.

புதுக் குழாய் போட்டதும் எதிர்பாராத ஒன்று: ஐடிலிங் தாறுமாறாக ஏறியது. கசிவை ஈடுகட்ட யாரோ ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் திருகை முன்பே முறுக்கி வைத்திருக்கிறார்கள்! அதைத் தளர்த்தி 800 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 800 சுற்று) கொண்டுவந்தேன். பிரேக் மிதியும் இப்போது இலகுவாக இருக்கிறது. அது கனத்திருந்ததற்கும் இதே விரிசல்தான் காரணம்.