வீட்டை விட்டு வெளியே போக முடியாத பயம்: மருந்தா, பயிற்சியா? சுங்கை சிப்புட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: தோட்டத்து வாசகி

வணக்கம். அண்ணிக்காகக் கேட்கிறேன். வயது 38. சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே பழைய தோட்ட வீடமைப்பில் குடியிருக்கிறார். ஓராண்டுக்கு மேலாகத் தனியாக எங்கும் போவதில்லை. பஸ், பசார் மாலாம் (இரவுச் சந்தை), பேரங்காடிக் கியூ என்றாலே நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்றல், "மயங்கி விழுந்துவிடுவேன்" என்ற பயம். இசிஜி, தைராய்டு, ரத்தச் சோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) அகோராபோபியா, அதாவது கூட்டம், பஸ் போன்ற இடங்களில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்ச நோய் என்று சொல்லி ஈப்போவுக்கு மேற்சிகிச்சைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் ஒரு தனியார் கிளினிக்கில் வாங்கிய அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பயம் வரும்போது போட்டுக்கொள்கிறார். அண்ணன் மோட்டாரில் கூட்டிப்போனால்தான் வெளியே வருவார்.

மூன்று கேள்விகள். மருந்து நல்லதா, பயப்படும் இடங்களுக்குப் போய்ப் பழகும் பயிற்சி நல்லதா? அப்பாயின்மெண்ட் வரும்வரை வீட்டில் என்ன செய்யலாம்? கண்ணில் கருவி மாட்டிச் செய்யும் மெய்நிகர் சிகிச்சை ஆய்வு என்கிறார்களே, அதில் சேரலாமா?

பதில் 1: மனநலத் தாதி

சகோதரி, இதயமும் தைராய்டும் பார்த்தாகிவிட்டது என்பது பெரிய நிம்மதி. பலர் அதைச் செய்யாமலே பயிற்சியில் இறங்கிவிடுகிறார்கள். ரத்தசோகையும் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கைப்பையைத் திறந்து பாருங்கள். மாத்திரை இருக்கும், தண்ணீர்ப் போத்தல் இருக்கும், கோடாலித் தைலம் இருக்கும், சார்ஜ் நிறைந்த கைப்பேசி இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தீங்கில்லாதது. ஆனால் தைலத்தை முகர்ந்தபடி கடைக்குப் போய்த் திரும்பினால், "தைலம் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை கணக்கு எழுதும். "கடையில் ஆபத்து ஏதும் இல்லை" என்ற பாடம் பதியவே பதியாது. அண்ணன் கூடவே போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். வருடக்கணக்காக வெளியே போய் வந்தும் பயம் குறையாமல் இருப்பவர்களிடம் இதைத்தான் முதலில் தேடுவோம்.

பயிற்சி இப்படி. பயமுள்ள இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அவர்தான் போட வேண்டும், நீங்கள் அல்ல. சுங்கை சிப்புட் நிலவரத்துக்கு ஏறக்குறைய இப்படி வரலாம்:

30: தனியாகத் தெருமுனை வரை போய், அங்கேயே பத்து நிமிடம் நிற்பது
40: காலையில் மளிகைக் கடைக்குப் போய் ஒரே ஒரு சாமான் வாங்குவது
50: அதே கடை, மாலைக் கூட்டத்தில்
60: பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் உட்காருவது, ஏறாமல்
70: பஸ்ஸில் இரண்டு நிறுத்தம்
80: பசார் மாலாமின் நடுவில் போய் நிற்பது
95: தனியாக ஈப்போவுக்கு பஸ், போய்த் திரும்புவது

30, 40 அளவில் தொடங்குங்கள். வாரத்தில் நான்கைந்து நாள் செய்ய வேண்டும். ஞாயிறு மட்டும் செய்தால் அடுத்த ஞாயிறுக்குள் பயம் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். ஒரு தடவைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தெருமுனை போன்ற சின்னப் படியென்றால் அந்த நேரத்துக்குள் நாலைந்து முறை போய் வரலாம்.

கிளம்பும் முன் ஒரு நோட்டில் இரண்டு வரி: "என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? அது நடக்கும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறேன்?" திரும்பி வந்ததும் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். "மயங்கி விழுவேன், 80 சதவீதம்" என்ற வரிக்குப் பக்கத்தில் "விழவில்லை, வியர்த்தது" என்று அவர் கையெழுத்திலேயே பத்துப் பதினைந்து முறை சேரும்போது, வாயால் சொல்லும் ஆறுதலைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நிறையப் பேர் தவறுவது எங்கே என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்கள். வந்ததும் கிடைக்கிற நிம்மதி அடுத்த பயத்துக்கு உரம். தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டால் வீடு வரை போக வேண்டாம். கடை வாசலில் நின்று, கொஞ்சம் அடங்கியதும் மறுபடி உள்ளே போகட்டும்.

அண்ணன் விலகுவதும் படிப்படியாகத்தான். முதலில் பக்கத்தில், பிறகு பத்தடி பின்னால், பிறகு போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பது, பிறகு கைப்பேசியில் மட்டும், கடைசியில் அதுவும் இல்லாமல். "சும்மா நடிக்கிறாய்" என்று வீட்டில் ஒருவரும் சொல்லக் கூடாது. அதே சமயம் அவருடைய கடை வேலைகளை எல்லாரும் பங்குபோட்டுச் செய்து கொடுப்பதையும் மெல்லக் குறைக்க வேண்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். நம் ஊர் மதிய வெக்கையில் யாருக்குமே வியர்க்கும், படபடக்கும். ஆகவே தொடக்கத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையோடு நிறுத்திவிட்டால் "வெயிலில் முடியாது" என்று புதுப் பயம் முளைக்கும். சில வாரங்களில் மாலை மூன்று மணிக்கும் போக வேண்டும்.

பதில் 2: மருந்தாளர்

மருந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேனிக் அட்டாக் (திடீரென வரும் கடும் பயமும் படபடப்பும்) பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் தானாகவே இறங்கிவிடும். அல்பிரசோலம் விழுங்கினால் ரத்தத்தில் உச்ச அளவுக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். நேரத்தைப் பொருத்திப் பாருங்கள்: மருந்து முழு வேகம் பிடிக்கும்போது அட்டாக் போயே போய்விட்டிருக்கும். ஆனாலும் பேர் மாத்திரைக்குத்தான் போகும். இப்படித்தான் கைப்பையில் அது நிரந்தரமாகக் குடியேறுகிறது.

அதற்காக அண்ணியிடம் போய் "இன்றே நிறுத்து" என்று சொல்லிவிடாதீர்கள். எப்போதாவது ஒன்று என்றால் வேறு. தினமும் பல வாரம் போட்டிருந்தால், திடீரென நிறுத்தும்போது தூக்கமின்மை, கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், மருத்துவர் சொல்லும் அளவில்தான் இறக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மாத்திரை போகிறது என்று எண்ணி எழுதி எடுத்துப் போங்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகும் ஆபத்து உண்டு, அதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இந்த நோய்க்கு முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்து எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் அச்சத்துக்கும் தினமும் எடுப்பது. செர்ட்ரலின் என்றால் வழக்கமாக 25 மில்லிகிராமில் (50 மாத்திரையில் பாதி) தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்குவார்கள். எசிட்டலோபிராம் என்றால் 5 மில்லிகிராமில் தொடங்கி 10, உச்சம் 20. குறைவாகத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பேனிக் உள்ளவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றம் கூடலாம், குமட்டல் வரலாம், தூக்கம் கெடலாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதும் படிப்படியாகத்தான்.

கர்ப்பம், பாலூட்டுதல், ஆஸ்துமா, வேறு வலி மாத்திரைகள் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். படபடப்புக்கென்று பக்கத்து வீட்டார் கொடுக்கும் புரோப்ரனலோல் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்தானது.

பதில் 3: ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

மருந்தா, பயிற்சியா என்ற கேள்விக்கு ஆய்வுகளில் கிடைத்த விடை ஓரளவு தெளிவானது. ஆனால் எந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

அண்ணியின் நிலைமைக்கு நெருக்கமானது 1993-இல் ஐசக் மார்க்ஸ் குழு வெளியிட்ட லண்டன், டொரொண்டோ ஆய்வு. அகோராபோபியாவோடு பேனிக் உள்ள 154 பேர். அல்பிரசோலமும் எதிர்கொள்ளும் பயிற்சியும் (தாதி சொன்னது போலப் பயமுள்ள இடங்களுக்குப் போவது), அல்பிரசோலமும் தளர்வுப் பயிற்சியும், மருந்தில்லாத போலி மாத்திரையும் எதிர்கொள்ளும் பயிற்சியும், போலி மாத்திரையும் தளர்வுப் பயிற்சியும் என நாலு குழு. எட்டு வாரச் சிகிச்சை. எதிர்கொள்ளும் பயிற்சியின் பலன் அல்பிரசோலத்தின் பலனைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மாத்திரையை நிறுத்தியதும் அதன் பலன் கரைந்தது, பயிற்சியின் பலன் நின்றது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு மாத்திரை நின்ற பிறகு பயிற்சியின் பலனும் குறைந்தது. மருந்தாளர் மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

டேவிட் பார்லோ குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். 312 பேர், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை) தனித்தும் சேர்ந்தும். சிகிச்சை ஓடிக்கொண்டிருந்தவரை சேர்த்து எடுத்தவர்கள் சற்று மேல். எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்தில்லாமல் சிகிச்சை பெற்றவர்களே நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் அதில் அகோராபோபியா இல்லாதவர்களையும் லேசாக உள்ளவர்களையும் மட்டுமே சேர்த்தார்கள். ஓராண்டாக வீட்டில் அடைந்திருப்பவருக்கு அதை அப்படியே பொருத்துவது நியாயமில்லை. அச்சத்தோடு மனச்சோர்வும் இருந்தால் எஸ்எஸ்ஆர்ஐ பெரிய கைகொடுப்பு. மருத்துவர் அதைக் கொடுத்தால் மறுக்க வேண்டாம்.

தாதி சொன்னது போல வெளியே போய்ச் செய்யும் பயிற்சிக்கு ஆதாரம் 2011-இல் வந்த ஜெர்மன் ஆய்வு. 369 பேர், 12 அமர்வு. சிகிச்சையாளர் கூடவே வெளியே போய் வழிநடத்திய குழு, "நீங்களே போய்ச் செய்யுங்கள்" என்று அறையிலேயே திட்டம் போட்டுக் கொடுத்த குழுவைவிட இடங்களைத் தவிர்க்கும் பழக்கத்தைக் குறைப்பதில் நன்றாகவே முன்னேறியது. ஆகவே ஈப்போவில் சிகிச்சை தொடங்கினால், "ஓரிரு அமர்வாவது வெளியே வந்து செய்வீர்களா?" என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

மெய்நிகர் சிகிச்சை. 2022-இல் இங்கிலாந்தில் டேனியல் ஃப்ரீமன் குழு 346 பேரிடம் சோதித்தது. கஃபே, கடை, பஸ், தெரு, கிளினிக் காத்திருப்பு அறை, மதுக்கடை என ஆறு இடங்கள் கருவிக்குள். ஆறு வாரம், அரை மணி அமர்வுகள். மிகக் கடுமையாக ஒதுங்கியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். ஆனால் அந்த 346 பேரும் மனச்சிதைவு போன்ற சைக்கோசிஸ் நோயோடு இந்த அச்சமும் இருந்தவர்கள். அண்ணிக்கும் அதே அளவு பலிக்கும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே யாராவது ஆய்வில் சேரச் சொன்னால், மலேசியத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கேளுங்கள். தகவல் தாள் அவருக்குப் புரியும் மொழியில் வேண்டும், தமிழில் கேட்பது உரிமை. போலிச் சிகிச்சைக் குழுவில் விழ வாய்ப்புண்டா, காத்திருப்புக் குழுவென்றால் எத்தனை மாதம், இப்போதைய மருந்தை நிறுத்தச் சொல்வார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. பணம் கட்டினால்தான் ஆய்வில் இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்டத்து வாசகி

மூவருக்கும் நன்றி. மிஸ்ஸி, ஒன்று மட்டும். பஸ்ஸில் உண்மையிலேயே மயங்கி விழுந்துவிட்டால்? அண்ணி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அப்புறம், தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் பயப்படுகிறார்.

மனநலத் தாதி

மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். பேனிக்கில் இதயம் வேகமாக அடித்து அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் பேனிக்கால் மயங்கி விழுவது மிக அரிது. ரத்தம், ஊசி பார்த்தால் மயங்குகிறவர்கள் தனி வகை. அண்ணி முன்பு அப்படி விழுந்ததுண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். தலைச்சுற்றல் பெரும்பாலும் வேகவேகமாக மூச்சு விடுவதால் வருவது.

அதை வீட்டிலேயே காட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்லுங்கள். விரல் மரத்து, தலை சுற்றும். பிறகு இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள், தானாகவே போகும். இன்னொரு நாள் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது. மற்றொரு நாள் மெல்லிய ஸ்ட்ராவில் ஒரு நிமிடம் மூச்சு. எது பஸ்ஸில் வரும் உணர்வைப் போலவே இருக்கிறதோ, அதைத் தினமும் மூன்று நான்கு முறை செய்யட்டும். இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். செய்யும்போது தைலம் கையில் இருக்கக் கூடாது. சாமிக் கயிறு, திருநீறு பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. "இது இல்லாவிட்டால் செத்துவிடுவேன்" என்ற நிலைக்கு வந்தால் மட்டும் பேச வேண்டும்.

தஞ்சோங் ரம்புத்தான் பேரைக் கேட்டாலே நம்மவர்கள் ஒதுங்குவது எனக்கும் வருத்தம்தான். அங்குள்ள உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை 1911-இலிருந்து இருக்கிறது, அந்தப் பழைய பேச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகோராபோபியாவுக்குப் பொதுவாக வார்டில் படுக்க வைப்பதில்லை. வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு. உங்கள் கடிதம் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கா, வேறு எங்குமா என்று முதலில் பாருங்கள். தேதி தூரமாக இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானிலேயே குடும்ப மருத்துவ நிபுணர் மருந்தைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். மனம் ரொம்பத் தளர்ந்தால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது நேரே அவசரப் பிரிவு.

அப்பாயின்மெண்ட் நாளன்று அண்ணன் கூடவே போகட்டும், அது பயிற்சி நாள் இல்லை. நோட்டையும், மாத்திரைக் கணக்கையும் மறக்காமல் கொண்டு போங்கள்.