மில்லுக்குப் போன நம்ம ஊர்ப் பொண்ணுங்களும் சப்ளை செயின் ரிப்போர்ட்டும்: அனுபவப் பகிர்வு

வடுவூர்க்காரன்:
திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்ளையன்ஸ் பிரிவுல (சட்டமும் பிராண்டு விதியும் ஒழுங்கா நடக்குதான்னு பாக்குற எடம்) ரொம்ப நாள் இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். சோஷியல் ஆடிட்ல, அதாவது வேலையாளுங்கள ஒழுங்கா நடத்துறாங்களான்னு வெளியாள் வந்து பாக்குற சோதனையில, என்னதான் பாக்குறாங்கன்னு கேட்டீங்கல்ல, நான் பாத்தத சொல்றேன். பெரும்பாலும் தேதி சொல்லிட்டுத்தான் வருவாங்க. அந்த வாரம் அவசர வழிய அடைச்சுக் கெடந்த அட்டைப்பெட்டியெல்லாம் குடோனுக்குப் போயிடும், முதலுதவிப் பெட்டியில புது மருந்து வந்துடும், சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுறாங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்னு சூப்பர்வைசர் லைன் லைனா வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போவாரு. ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம்னு சட்டம் இருக்கு, ரெஜிஸ்டர்லயும் அப்படியே இருக்கும், கையில குடுக்குற கணக்கு வேற நோட்டு. பேட்டி எடுக்குறதும் கம்பெனி ரூம்லயேதான், உள்ள யாரு போனா எவ்வளவு நேரம் இருந்தான்னு ஆபீஸ் முழுக்கத் தெரியும், அப்புறம் எந்தப் பொண்ணு வாயத் தொறக்கும்?

2012-ல கராச்சியில ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரி, வேலையாளுங்கள ஒழுங்கா நடத்துற எடம்னு குடுக்குற எஸ்ஏ 8000 சர்ட்டிபிகேட் வாங்கின சில வாரத்துலயே தீப்பிடிச்சு 250 பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஜன்னல்ல கம்பி போட்டிருந்துச்சு. சர்ட்டிபிகேட் குடுத்தவங்க கண்ணுக்கு அது எப்படிய்யா தெரியாம போச்சு?

இன்னொண்ணு. நான் பாத்த ஆடிட் ரிப்போர்ட்டெல்லாம் தையல் கம்பெனி வாசலோட நின்னுடும். அதுக்கு முன்னாடி சாயப்பட்டறை, நிட்டிங், அதுக்கும் முன்னாடி நூல் மில்லு. நம்ம பக்கத்துப் புள்ளைங்க ஆஸ்டல்ல தங்கி வேலை பாக்குறது அந்த மில்லுலதான், அங்க யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல.

பட்டுக்கோட்டைப் பொண்ணு:
அண்ணா சொல்றது அத்தனையும் நெசம். கஜா புயல்ல (2018 நவம்பர்) எங்க தென்னை மொத்தமும் சாஞ்சு போச்சு, அந்த நேரம் பாத்து ஏஜெண்ட் வந்தாரு, ஏற்கனவே நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்து அம்மாவுக்கு வேலை கொறஞ்சு போயிருந்துச்சு, அதனால நான் கெளம்பிட்டேன். மூணு வருஷம் முடிச்சா மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்னு சொன்னாங்க, முன்னாடி சுமங்கலித் திட்டம்னு சொல்வாங்களே அதே மாதிரிதான். நடுவுல உடம்பு சரியில்லாம வந்துட்டா அந்தத் தொகை கெடையாது. என்கூட இருந்த புள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு, பஞ்சுத் தூசி ஒத்துக்காம இருமிக்கிட்டே வீட்டுக்குப் போச்சு, ஒரு பைசா வரல. வாரத்துக்கு ஒரு தடவைதான் போன், அதுவும் வார்டன் பக்கத்துலயே நிப்பாங்க.

நான் சொல்றது ஒண்ணுதான். ஆடிட்டுக்குப் பேட்டி எடுக்குறவங்க பொங்கல் லீவுல எங்க ஊருக்கு வாங்க. எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து கேளுங்க, எல்லாரும் பேசுவோம், அம்மாவும் பேசும்.

திருத்துறைப்பூண்டி தோழர்:
தங்கச்சி கேக்குறது ரொம்ப நியாயம், அதுக்கு வழியும் இருக்கு. 2023-ல ஜெர்மனியில அமலுக்கு வந்த சப்ளை செயின் சட்டத்துல (சரக்கு வர்ற வழியில மனித உரிமை மீறல் இருக்கான்னு பெரிய கம்பெனிங்க பாக்கணும்ங்கிற சட்டம்) நேரடி சப்ளையர வழக்கமா ஆராயணும், அதுக்குப் பின்னாடி இருக்குற மில்லுன்னா மீறல் நடந்திருக்கும்னு நம்பும்படியா தகவல் கெடைச்சாதான் ஆராயணும். அப்ப அந்தத் தகவல் நம்ம கிட்டேர்ந்துதான் போகணும்! பங்குச் சந்தைய கண்காணிக்குற செபி 2022-23லேர்ந்து சந்தையில லிஸ்ட் ஆன முதல் 1000 கம்பெனிக்கு, சுற்றுச்சூழல், தொழிலாளர் விஷயத்துல என்ன செஞ்சோம்னு சொல்ற பிஆர்எஸ்ஆர் ரிப்போர்ட்ட கட்டாயமாக்கிருக்கு, ஆனா லிஸ்ட் ஆகாத சின்ன மில்லுங்க அந்தக் கணக்குலயே வராது.

2022 திண்டுக்கல் ஒப்பந்தத்தப் பாருங்க. வேலை எடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற வன்முறையையும் தொந்தரவையும் தடுக்க, பொண்ணுங்க முன்னாடி நின்னு நடத்துற டெக்ஸ்டைல் யூனியன் போட்டது, எச் அண்ட் எம் மாதிரி பிராண்டும் கையெழுத்து போட்டிருக்கு, தையல் யூனிட்டோட சேத்து நூல் மில்லும் அதுக்குள்ள வந்துச்சு, வேலை செய்யுற பொண்ணுங்களையே கண்காணிப்பாளரா வச்சாங்க. தேதி சொல்லிட்டு வர்ற ஆடிட்ட விட இதத்தான் நான் நம்புவேன்.

வீட்டுல மில்லுக்குப் போன பொண்ணு இருந்தா மில்லு பேரு, ஐடி கார்டு போட்டோ, சம்பள ரசீது, பி.எஃப். நம்பர் எல்லாத்தையும் இப்பவே எடுத்து வைங்க, ஏஜெண்ட் என்ன தொகை சொன்னாருன்னும் தேதி போட்டு எழுதுங்க. முடிஞ்சா நூல் கோன் பெட்டி லேபிளையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, அந்த நூல் எந்த கம்பெனிக்குப் போகுதுன்னு தேட அது உதவும்.