செஞ்சிக் கோட்டை: முழங்கால் வலி உள்ள அப்பாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 68 வயது. தேசிங்கு ராஜன் கதைப்பாட்டை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். செஞ்சியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார். ஆனால் முழங்கால் வலி. கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்கு ஏற முடியுமா? ஏறாவிட்டால் கீழே பார்க்க ஏதாவது உண்டா?

பதில் 1:
ராஜகிரி வேண்டாம். சுமார் 800 அடி உயரம், படிகளும் ஒரே அளவாக இருக்காது. கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி அதைவிடக் குட்டைதான், ஆனாலும் மூட்டுக்கு ஆகாது.

பதில் 2:
போன வருடம் என் அம்மாவோடு போனேன், அவரும் ஏறவில்லை. மலையடியிலேயே அரை நாள் போய்விட்டது. அடுக்கடுக்காக எழும்பி உச்சியில் கூம்பாக முடியும் கல்யாண மகால், வளைந்த கூரை போட்ட களஞ்சியம், யானைக் குளம் எல்லாம் சமதரையில்தான். களஞ்சியத்துக்குள் அம்மா ஒரு முறை கூப்பிட்டார், குரல் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் மட்டும் மேலே போனேன். உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது, ஒரு சின்னப் பாலம்தான் வழி. அந்தக் காலத்தில் மரப்பாலமாம், எதிரி வந்தால் இழுத்துவிட்டால் போதும். இங்கே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமை வளைத்த முகலாயப் படைக்குக் கோட்டை கைக்கு வர 1690 முதல் 1698 வரை ஏன் ஆனது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

உங்கள் அப்பாவை செட்டிக்குளத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி தேசிங்கு மாண்டபோது இருபத்துச் சொச்சம் வயதுதான். அந்தக் குளக்கரை மேடையில்தான் அவனுக்குச் சிதை மூட்டினார்கள், இளம் மனைவியும் அதிலேயே இறங்கினாள் என்கிறார்கள். கதையை நெஞ்சில் வைத்திருப்பவருக்கு உச்சியைவிட அந்த மேடைதான் பெரிது. என் அம்மா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

பதில் 3:
வேங்கடரமணர் கோயிலையும் விடாதீர்கள். பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மலை வேண்டாம், முதலில் செட்டிக்குளத்துக்கே போய்விடலாம் என்கிறார். வியாழக்கிழமை காலை கிளம்புகிறோம்.