காஸ்தெல்லானியின் வெள்ளைத் துணியில் என்ன இருக்கிறது?

மாடிப்படி கேட்டது:
இத்தாலிய ஓவியர் என்ரிகோ காஸ்தெல்லானியின் வெள்ளைப் படம் ஒன்றை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். வரிசையாகச் சாம்பல் புள்ளிகள், அவ்வளவுதான். பக்கத்தில் ஒளி, வெளி என்று மூச்சு விடாமல் எழுதியிருக்கிறார்கள். கோளாறு என் கண்ணிலா, எழுதியவரிடமா?

சட்டக்காரன்:
இரண்டிலும் இல்லை, அச்சில். நீங்கள் பார்த்த சாம்பல் புள்ளி எதுவும் காஸ்தெல்லானி தீட்டியதல்ல, எல்லாம் நிழல். 1959இல் அவர் இதைத் தொடங்கினார். துணிக்குப் பின்னாலுள்ள சில ஆணிகள் அதை முன்னே தள்ளும். முன்னாலிருந்து அடித்த ஆணிகள் உள்ளே இழுத்துப் பிடிக்கும். மேடு, பள்ளம், மேடு. நிறம் ஒன்றே. விளக்கை இடம் மாற்றினால் படமும் மாறிவிடும்.

ஓவியங்களுக்குச் சட்டம் போடுவது என் பிழைப்பு. துணியில் ஒரு சின்னப் புடைப்பு இருந்தாலும் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். அந்தப் புடைப்பையே வேலையாக எடுத்துக்கொண்டவர் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சத் துணியில் நானும் முயன்றேன். ஒரு மூலையில் இழுவை கூடினால் எதிர்மூலை சுருங்குகிறது. ஏழாவது ஆணியில் துணி கிழிந்தது.

ஐயப்பாடு:
கிழிந்ததையே மாட்டியிருக்கலாமே! துணியைக் கத்தியால் கீறிய ஓவியர் லூச்சோ ஃபொந்தானா அதைத்தானே செய்தார்?

சட்டக்காரன்:
நக்கல் புரிகிறது. ஆனால் என் கிழிசலில் நூல் பிசிறி நின்றது. ஃபொந்தானா 1958 முதல் போட்ட கீறல்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்: ஒரே இழுப்பில் கத்தி இறங்கியிருக்கும். பிறகு விளிம்புகளைக் கையால் மெல்ல வளைத்து, பின்பக்கம் கறுப்பு வலைத்துணி ஒட்டுவார். அதனால்தான் உள்ளே சுவர் தெரியாமல் இருட்டு மட்டும் தெரிகிறது.

எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் யான் ஸ்கோன்ஹோவன். டெல்ஃப்ட் நகரத்துக்காரர், 1946 முதல் 1979 வரை நெதர்லாந்து அஞ்சல் துறை ஊழியர். அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில் அட்டையும் காகிதக்கூழும் கொண்டு சின்னச் சின்னக் கட்டங்கள் செய்து வெள்ளை பூசினார். கட்டம் ஒவ்வொன்றிலும் நிழல் ஒவ்வொரு மாதிரி விழும்.

மாடிப்படி:
சரி, நேரில் பார்க்க வாய்த்தால் எங்கே நிற்பது?

சட்டக்காரன்:
எதிரே நிற்காதீர்கள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, மெதுவாக நடுவுக்கு நடந்து வாருங்கள். காவலர் முறைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் விட்டுவிடுவார்.